கால்பந்தை எங்களிடம் விற்றுவிட்டு அதையே ஏளனம் செய்யும் உங்கள் நிகழ்ச்சிகள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர்,
கியர்னி, நியூ ஜெர்சி.

பெறுநர்:
சந்தாதாரர் குறைதீர்ப்புப் பிரிவு,
விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம்.

நவம்பர் 2025

பொருள்: கால்பந்து குறித்த செய்தி, விவாத நிகழ்ச்சிகளின் தரம், நேரலை ஆட்டத்தின் தொடக்கத்தை வேறு அலைவரிசைக்கு மாற்றியது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் ஆறு ஆண்டுகளாக உங்கள் நிறுவனத்தின் சந்தாதாரர். கால்பந்துக்காகவே இந்தச் சந்தாவை எடுத்தேன். அடிப்படைச் சந்தாவுக்கு மேல் கால்பந்துத் தொகுப்புக்கென்று தனிக் கட்டணமும் செலுத்தி வருகிறேன். சந்தாதாரர்கள் தத்தம் தாய்மொழியில் எழுதலாம் என்று உங்கள் குறைதீர்ப்புப் பிரிவு அறிவித்திருப்பதால், சொல்ல வந்ததை மிச்சம் வைக்காமல் சொல்லத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எந்த விளையாட்டைக் காட்டுவதாகச் சொல்லி எங்களிடம் பணம் வாங்குகிறீர்களோ, அதே விளையாட்டை உங்கள் நெறியாளர்கள் உங்கள் திரையிலேயே அமர்ந்து இழிவாகப் பேசுகிறார்கள் என்பதுதான் என் முதல் புகார். நாடு முழுவதும் பார்க்கும் மாலைநேர நிகழ்ச்சியில், அதைத் தொழிலாகச் செய்பவர்கள், வாரந்தோறும் பேசும் பேச்சு இது. ஏதோ ஒரு நாள் வாய் தவறி வந்தது என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர்ச் சிறுமியர் அணியின் கோல் கீப்பர். அன்று காலை நடந்த ஆட்டத்தில் அவள் அணி முழு நேரமும் நெருக்கடியில் இருந்தது. ஆறு ஷாட்டுகளை அவள் தடுத்தாள். கடைசி நிமிடத்தில் வந்த கார்னர் கிக்கை இரண்டு பேருக்கு நடுவே எழும்பிக் கையில் பிடித்தாள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. எதிரணிப் பயிற்சியாளர் அவளைத் தேடி வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். மாலையில் கழுவிய கையுறைகளை ஜன்னல் ஓரத்தில் காய வைத்துவிட்டு அவளும் நானும் உங்கள் நிகழ்ச்சியைப் பார்க்க உட்கார்ந்தோம். ஐரோப்பிய லீக் ஆட்டம் ஒன்றின் முடிவு திரையின் அடியில் 0-0 என்று வந்ததும், உங்கள் நெறியாளர் அதைச் சுட்டிக்காட்டி, இரண்டு மணி நேரம் ஓடி ஒன்றுமே நடக்காத இதை ஒரு விளையாட்டு என்று சொல்கிறார்கள் என்றார். பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்திக் கொட்டாவி விடுவதுபோல நடித்தார். அந்த ஆட்டத்திலிருந்து ஒரு காட்சிகூடக் காட்டப்படவில்லை. என் மகள் எதுவும் சொல்லாமல் எழுந்துபோய், இன்னும் ஈரம் காயாத கையுறைகளை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

0-0 என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளில்லை. அந்த ஆட்டத்தில் எந்த அணி எதிரணியை நடுக்களத்திலேயே மடக்கியது, எந்தத் தடுப்பாட்டக்காரர் யாரை நிழல்போல் தொடர்ந்தார், எந்த மாற்று ஆட்டக்காரர் வந்தபின் போக்கு மாறியது என்று சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலையும் நான் விரும்பிப் பார்ப்பவன்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒரு தேசிய ஃபுட்பால் லீக் (என்.எஃப்.எல்.) ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடங்கள்தாம் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2010-இல் கணக்கெடுத்து எழுதியது. ஆயினும் அந்த ஒளிபரப்பு எனக்குச் சலிப்பதில்லை. ஏனென்றால், ஒவ்வோர் இடைவெளியிலும் உங்கள் நிபுணர்கள் திரையில் கோடு போட்டு, யார் எங்கே நின்றார், ஏன் அப்படி ஓடினார் என்று பொறுமையாக விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தால்தான் வேறு நாட்டில் பிறந்து இங்கு வந்த நான் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். அதே கோட்டையும் அதே பொறுமையையும் கால்பந்துக்குத் தர மறுத்துவிட்டு, புரியவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க முடியாது. கோலைக் காட்டும்போதுகூட, பந்து வலைக்குள் போகும் இரண்டு விநாடியைத்தான் காட்டுகிறீர்கள்; அந்தக் கோலை உருவாக்கிய பத்துப் பாஸ்கள் வெட்டப்பட்டுவிடுகின்றன.

டிரா என்பது கோழைகளின் முடிவு என்றும் உங்கள் நிகழ்ச்சியில் பலமுறை கேட்டிருக்கிறேன். 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாடின் கூவா நகரில் அமெரிக்க ஆண்கள் அணி 2-1 என்று தோற்று 2018 உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. அன்றிரவு ஒரு டிரா கிடைத்திருந்தாலே அந்தக் கோப்பை நடந்த ரஷ்யாவுக்கு அணி போயிருக்கும். அந்தத் தோல்விக்காக அணியையும் அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தையும் யார் கடுமையாக விமர்சித்தாலும் எங்களுக்கு வருத்தமில்லை. உண்மையில் அப்படிப்பட்ட விமர்சனம் எங்களுக்குத் தேவை. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் செய்யும் விமர்சனமாக அது இருக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் எதிர்பார்ப்பு.

இது அந்நிய விளையாட்டு, குடியேறிகள் கொண்டுவந்தது, அமெரிக்காவுக்கு ஒட்டாது என்ற பேச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் குடியிருக்கும் ஊரே அதற்குப் பதில். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நூல் ஆலைத் தொழிலாளர்கள் கியர்னியில் குடியேறினார்கள். கிளார்க் நூல் ஆலையின் ஓ.என்.டி. என்ற கால்பந்து அணி 1885-இல் தொடங்கி அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அமெரிக்கக் கோப்பையை வென்றது. நீங்கள் அசல் அமெரிக்க விளையாட்டு என்று கொண்டாடும் கூடைப்பந்தை, கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கியது 1891 டிசம்பரில். கூடைப்பந்து பிறப்பதற்கு முன்பே எங்கள் தெருக்களில் கால்பந்துக் கோப்பையுடன் ஊர்வலம் போக ஒரு அணி இருந்தது. அந்த மரபு அறுந்துபோகவும் இல்லை. 1990, 1994 உலகக் கோப்பைகளில் அமெரிக்காவுக்கு ஆடிய ஜான் ஹார்க்ஸ், டாப் ராமோஸ், டோனி மியோலா ஆகிய மூவரும் கியர்னி, ஹாரிசன் வட்டாரத்தில் ஆடி வளர்ந்தவர்கள். என் மகள் பந்து பிடிக்கப் பழகிய ஊர் இது. அவளிடம் போய் இது உன் நாட்டு விளையாட்டல்ல என்று உங்கள் நெறியாளர் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இந்த அலட்சியம் பழையது என்பதும் எனக்குத் தெரியும். 1950 ஜூன் 29 அன்று பிரேசிலின் பெலோ ஓரிசோன்ச்சி நகரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் ஹைட்டியிலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, நியூயார்க் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிய ஜோ கேட்ஜென்ஸ். கோலைக் காத்தவர் செயின்ட் லூயிஸ் நகரில் இறுதிச்சடங்கு நிறுவனத்தின் வண்டியை ஓட்டிய ஃபிராங்க் போர்கி. அந்தப் போட்டிக்குச் சென்ற அமெரிக்கச் செய்தியாளர் ஒரே ஒருவர்: செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். அவரும் தம் சொந்தச் செலவில் போனவர். உலகக் கோப்பை வரலாற்றின் மிகப் பெரிய அதிர்ச்சித் தோல்விகளில் ஒன்றை நேரில் கண்டு இந்த நாட்டுக்கு எழுத அவர் ஒருவர் மட்டுமே இருந்தார். அன்று வானொலியும் செய்தித்தாளும்தான் இருந்தன, ஆட்களை அனுப்ப வசதியில்லை என்று யாராவது சமாதானம் சொல்லலாம். ஆறு கேமராக்களும் செயற்கைக்கோள் இணைப்பும் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

அமெரிக்கர்கள் இதைப் பார்ப்பதில்லை, அதனால்தான் நேரம் ஒதுக்குவதில்லை என்று உங்கள் தயாரிப்பாளர்கள் கூறலாம். 1994 உலகக் கோப்பை இங்கு நடந்தபோது 52 ஆட்டங்களுக்கு 35 லட்சத்துக்கும் அதிகமானோர் அரங்குக்கு வந்தார்கள். அதற்குப் பின்னர் 64 ஆட்டங்களுடன் நடந்த எந்த உலகக் கோப்பையும் அந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை. 1999-இல் மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் நேரில் பார்த்தார்கள். 2015 மகளிர் இறுதியாட்டத்தில் கார்லி லாய்ட் முதல் 16 நிமிடங்களில் மூன்று கோல் அடித்த அந்த இரவில், இந்த நாட்டில் ஆங்கில ஒளிபரப்பை மட்டும் சுமார் 2.5 கோடிப் பேர் பார்த்தார்கள். 2018-இல் அட்லாண்டாவில் நடந்த, இந்நாட்டு ஆண்கள் கால்பந்து லீகான எம்.எல்.எஸ்.-இன் கோப்பை இறுதியாட்டத்துக்கு 73,019 பேர் வந்தார்கள். இவர்களில் ஒருவராவது மறுநாள் உங்கள் நிகழ்ச்சியை எதிர்பார்ப்போடு போட்டிருப்பார். அவருக்கு நாற்பது விநாடியும் ஒரு கேலியும் கொடுத்து அனுப்பிவிட்டு, இதற்குப் பார்வையாளர்கள் இல்லை என்று சொல்வது, கடையைப் பூட்டிவிட்டு வியாபாரம் ஆகவில்லை என்பதுபோல இருக்கிறது.

என் இரண்டாவது புகார் ஒளிபரப்பு பற்றியது. கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மகளிர் லீக் ஆட்டம் ஒன்று உங்கள் முதன்மை அலைவரிசையில் நேரலையாக வரும் என்று வாரம் முழுவதும் விளம்பரம் செய்தீர்கள். அதற்கு முந்தைய கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் நீண்டுவிட்டது. அது யார் கையிலும் இல்லை; அதைக் குறை கூறவில்லை. ஆனால் மகளிர் ஆட்டத்தின் முதல் 23 நிமிடங்களை என் சந்தாவில் சேராத வேறொரு அலைவரிசைக்கு மாற்றினீர்கள். மாற்றிய செய்தியைத் திரையின் மூலையில் ஒரே ஒரு முறை சிறிய எழுத்தில் காட்டினீர்கள். ஒன்பதாவது நிமிடத்தில் விழுந்த கோல்தான் அந்த ஆட்டத்தின் ஒரே கோல். அதை நாங்கள் பார்க்கவில்லை. பின்னர் வந்த இடைவேளையில் அதைத் திரும்பக் காட்டுவீர்கள் என்று காத்திருந்தோம். அந்த நேரம் முழுவதும் ஃபுட்பால் முடிவுகளும் விளம்பரங்களுமே வந்தன. உதவி எண்ணில் அழைத்தபோது, சந்தாவை உயர்த்திக்கொண்டால் இனி இப்படி நேராது என்று பதில் கிடைத்தது. ஏற்கெனவே கட்டணம் கட்டிய ஆட்டத்துக்கு இரண்டாவது முறை கட்டச் சொல்வதை எந்த வாடிக்கையாளரும் நியாயம் என்று கொள்ளமாட்டார்.

வரும் 2026 ஜூன் 11 அன்று உலகக் கோப்பை தொடங்குகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். அமெரிக்காவில் மட்டும் 11 நகரங்களில் நடக்கின்றன. ஜூலை 19 அன்று இறுதியாட்டம் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில், என் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் நடைபெறும். உங்கள் அலைவரிசையில் அதற்கான விளம்பரங்கள் இப்போதே ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றில் உணர்ச்சி பொங்குகிறது. விளம்பரம் முடிந்த அடுத்த நிமிடம் அதே மேசையில் அதே கொட்டாவி. ஏழு மாதத்தில் உலகமே இங்கு வந்து உங்கள் நிகழ்ச்சிகளைப் பார்க்கப் போகிறது என்ற எண்ணம் உங்கள் ஆசிரியர் குழுவுக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. மாலைநேர நிகழ்ச்சியில் கால்பந்து பேசப்படும் ஒவ்வொரு முறையும், அந்த ஆட்டத்தை ஆடியோ பயிற்றுவித்தோ தொடர்ந்து எழுதியோ பழகிய ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஆட்ட வர்ணனைக் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் நேரலையில் எவ்வளவு அருமையாகப் பேசுகிறார்கள் என்பதை ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். அவர்களை மாலை நிகழ்ச்சிக்கு ஏன் அழைப்பதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. கடந்த ஞாயிறு ஒளிபரப்பான பகுதியை உங்கள் ஆசிரியர் குழு ஒருமுறை திரும்பப் பார்த்து, அது உங்கள் தரத்துக்கு ஏற்றதா என்று எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நேரலை ஆட்டம் வேறு அலைவரிசைக்கு மாறினால், அந்த அலைவரிசையை எல்லாச் சந்தாதாரர்களுக்கும் அந்த நேரத்துக்குத் திறந்துவிட வேண்டும். கடந்த மாதம் இழந்த ஆட்டத்துக்கு அந்த மாதக் கால்பந்துத் தொகுப்புக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

என் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் ஜனவரி 31. அதற்குள் உங்கள் பதில் கிடைக்கும் என எதிர்பார்க்கிறேன். தானாகப் பதிவாகி வரும் நன்றிக் குறிப்பைப் பதிலாக ஏற்க மாட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்த ஒருவர் எழுதிய பதில் வேண்டும். என் மகளின் அடுத்த ஆட்டம் வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. அன்று மாலையும் நாங்கள் உங்கள் நிகழ்ச்சியைப் போட்டுப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சந்தாதாரர், கியர்னி, நியூ ஜெர்சி.