பன்மைத்துவப் பொறுப்பாளரின் கையில் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?

மதிப்பிற்குரிய மருத்துவமனை ஆட்சிக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பல மொழி பேசும், பல சமூகங்களைச் சேர்ந்த நோயாளிகளுக்குச் சமமான சிகிச்சை கிடைப்பதைக் கவனிக்க, பன்மைத்துவத்துக்கும் பண்பாட்டுப் புரிதலுக்கும் தனிப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது பற்றி உங்களில் பலர் பேசிவருகிறீர்கள். அந்தப் பணியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பதவியை உருவாக்குவது எளிது; அதில் அமர்பவருக்கு என்ன அதிகாரம் தரப் போகிறீர்கள் என்பதே என் கேள்வி.

நான் முதலில் சேர்ந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்தவை ஓர் அறை, ஆண்டுக்கொரு பயிலரங்கு, வரவேற்புக் கூடத்தில் பல மொழிகளில் 'நல்வரவு' என்று எழுதிய ஒரு பலகை. அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த அறையில், பத்து வயதுகூட நிரம்பாத சிறுமி ஒருத்தி, தன் தாயின் கருப்பையில் இருந்த கட்டியைப் பற்றி மருத்துவர் சொன்னதைத் தாய்க்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசிய மொழி எனக்கும் புரியும். 'பயாப்ஸி' (கட்டியின் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) என்ற சொல் வந்ததும் சற்றுத் தயங்கி, ஏதோ ஒரு டெஸ்ட் என்று மட்டும் சொல்லி முடித்தாள். தாய் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வசதி அங்கே இல்லாமல் இல்லை. அழைத்தால் செலவு அந்தந்தத் துறையின் கணக்கில் ஏறும் என்பதால் யாரும் அழைப்பதில்லை. அந்தச் செலவைப் பொதுக் கணக்குக்கு மாற்ற வைக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. மாற்றிய பிறகு, எந்தப் பயிலரங்கும் இல்லாமலேயே, அழைப்புகள் பெருகின.

1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நினைவிழந்த 18 வயது இளைஞர் ஒருவரைப் பற்றிக் குடும்பத்தார் சொன்ன 'இன்டாக்ஸிகாடோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு, மருத்துவர்கள் போதைப்பொருள் உட்கொண்டவர் என்று பொருள்கொண்டார்கள். உணவு ஒவ்வாமல் போயிருக்கலாம் என்பதே குடும்பத்தார் சொல்ல வந்தது. மூளைக்குள் ஏற்பட்ட இரத்தக்கசிவு தாமதமாகத் தெரியவந்தது; கைகால்கள் நான்கும் செயலிழந்தன. இழப்பீடு ஏறத்தாழ 7.1 கோடி டாலர். (நிதிக் குழுவினர் நிமிர்ந்து உட்கார்வது இந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் என்பதால் இதையும் சேர்த்திருக்கிறேன்.)

மொழியோடு இது முடிவதில்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஆக்ஸிஜன் குறைவைக் காட்டத் தவறியது என்று 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டறிந்தது. சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்கும் சூத்திரத்தில் இனத்துக்கென்று இருந்த, கறுப்பினத்தவரின் சிறுநீரகச் செயல்பாட்டைக் கூட்டிக் காட்டிய பெருக்கெண்ணை நீக்குமாறு அந்நாட்டின் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் 2021இல்தான் பரிந்துரைத்தன. கருவிகளை வாங்கும் குழுவிலும் ஆய்வகக் குழுவிலும் இடமில்லாத பொறுப்பாளர் இவற்றை எங்கே போய்ப் பேசுவார்?

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். எந்தச் சமூகத்தார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பட்டியல் கேட்கும் மருத்துவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அப்பட்டியல் அறியாமைக்குச் சான்றிதழ் வழங்குவதாகிவிடும் என்பதால் மறுத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, நோயாளி தலையாட்டியதும் எழுந்துவிடாமல், மாத்திரையை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். அப்படிக் கேட்கப்பட்ட முதியவர் ஒருவர், இரத்த அழுத்த மாத்திரையைத் தலைவலி வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அதுவரை எல்லாவற்றுக்கும் 'சரி' என்றவர் அவர்.

ஆகவே நியமன ஆணையில் மூன்று வரிகளை எழுதித்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்: மொழிபெயர்ப்புக்கான நிதி பொறுப்பாளரின் கையில் இருக்கும்; காத்திருப்பு நேரம், புகார்கள், வீடு திரும்பியவர் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வது ஆகியவற்றின் கணக்கை மொழிவாரியாகவும் சமூகவாரியாகவும் பிரித்துக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு; அவர் தம் அறிக்கையை மக்கள் தொடர்புத் துறையிடம் அல்லாமல் உங்களிடமே நேரில் வைப்பார். இவற்றை எழுத மனமில்லையெனில், பலகையை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கு ஆள் தேவையில்லை.

இப்படிக்கு,
இப்பணியிலிருந்து ஓய்வுபெறும் ஒருவன்