அந்தக் கலங்கிய படத்தைப் பற்றி, தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நாளையோடு ஒரு வருஷம். வீல்சேரில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் நிலையைத் தாங்களே போனில் படமெடுத்துக் காட்டும் அந்தக் கண்காட்சியை, காசிமேட்டில் மறுபடி ஆரம்பிக்கிறோம். இந்த முறை படங்களைப் பெரியவர்கள் யாரும் பொறுக்கப் போவதில்லை. அதை முதலில் உன்னிடம் சொல்லணும். நாலு பேர் படிக்கும் இடம் என்பதால் பாப்பாவின் பெயரையும் தெருவையும் எழுதவில்லை.

போன வருஷம் மாட்டியிருந்த, பாப்பா எடுத்த 12 படங்களையும் ஒவ்வொன்றாக அவள் முன்னால் பிடித்தோமே. ‘இதுவா?’ கண்ணைக் கீழே இறக்கினாள். இல்லை. ‘இதுவா?’ மறுபடி கீழே. பன்னிரண்டுக்கும் அதே பதில். கடைசியில் அவங்க அம்மாதான் கேட்டாங்க: “கை வெட்டி இழுக்குற படம் எங்கப்பா?”

நீ அழித்திருந்தாய். ‘நல்லதை மட்டும் வை’ என்று மெமரி கார்டைக் கையில் கொடுத்தது நான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் போன் ஷட்டர் 1/15 நொடி வரை திறந்திருக்கும், கலங்கிவிடும், வாசல் பக்கம் திருப்பி வை என்று சொல்லிக் கொடுத்ததும் நான். கலங்கினாலே குப்பை என்று நீ நினைத்ததில் என் பங்கு பெரியது. மன்னித்துவிடு.

ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி! டாக்டர் முன்னால் உட்காரும் ஐந்து நிமிஷத்தில் அந்த இழுப்பு வருவதில்லை. வந்த நேரத்தில், போனைப் படமெடுக்க வைக்கும் பட்டனை முழங்காலால் அழுத்தி, தன் கையைத் தானே பிடித்து வைத்திருந்தாள். அந்தக் கலங்கல்தான் அவள் காட்ட நினைத்தது. போனை வீல்சேரில் பிடிக்கும் கிளாம்ப் மாட்டி அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நீ.

நீ வந்தாலும் வராவிட்டாலும் இந்த முறை செய்யப்போவது இது. பாம்பு மாதிரி வளையும் ஸ்டாண்டு வேண்டாம், வீல்சேர் நகர்ந்தாலே ஆடும். குட்டையான கிளாம்ப் போதும். புளூடூத் பட்டனை டபுள் சைடு டேப்பில் ஒட்டினால் வியர்வையிலும் உப்புக்காற்றிலும் கழன்றுவிடும், வெல்க்ரோ பட்டையில் கட்டணும். இறுகிய தசை சட்டென்று விடாது. நீள அழுத்தமாகி சில போன்களில் வரிசையாகப் படம் விழும், சிலதில் ஜூம் ஆகும். போன் அந்தப் பட்டனை வால்யூம் பட்டனாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் கேமரா செட்டிங்கில் வால்யூம் பட்டனை ‘படம்’ என்று மாற்றி, 3 நொடி டைமர் வைத்தால் பெரும்பாலும் ஒன்றோடு நிற்கும். பட்டனுக்குள் இருக்கும் காசு பேட்டரியின் மூடியைச் சுற்றி டேப் போட்டே ஆகணும். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அம்மா கையெழுத்து மட்டும் போதாது. எடுத்ததும் ஒரு தடவை, மாட்டுவதற்கு முன் ஒரு தடவை, ஒவ்வொரு படத்துக்கும் பிள்ளையிடமே கேட்போம். வார்டில் எடுத்ததில் அடுத்த கட்டில்காரர் முகமோ கேஸ் ஷீட்டோ விழுந்திருந்தால் அது வெளியே வராது. ‘வலிக்குதா?’ என்று கேட்டால் நாமே பதிலை ஊட்டுகிறோம். கண்ணால் பேசும் பிள்ளைக்கு நாலைந்து விடைகளைச் சொல்லி, கடைசியில் ‘வேற ஏதோ’ என்பதையும் கட்டாயம் சேர்க்கணும். 1990களில் சீனாவின் யுன்னானில் கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுத்துச் சொல்லும் ‘போட்டோவாய்ஸ்’ முறையை உருவாக்கிய கரோலின் வாங்கும் மேரி ஆன் பர்ரிஸும், படத்தைத் தேர்ந்தெடுப்பதையும் எடுத்தவர்களிடமே விட்டார்கள். இது தெரிந்தும் நான் கார்டை உன்னிடம் நீட்டினேன்.

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவள் தலையை நேராக நிறுத்த நீ துண்டை மடித்து வைத்த பக்குவம் வேறு யாருக்கும் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கார்டில் அதற்கப்புறம் எதையும் பதியவில்லை. மேலே புதுசாக எதுவும் ஏறாததால் படத்தை மீட்க வாய்ப்பு இருக்கிறது. போனிலேயே அழித்தாயா, கழற்றி லேப்டாப்பில் போட்டு அழித்தாயா? அதை மட்டும் சொல்.