எத்தனை முறை பிடிக்கும் என்று கேளுங்கள்

கும்பகோணம் வட்டாரப் பித்தளை, முலாம் பட்டறை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் நடத்தியவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கழிவுநீரில் உள்ள உலோகத்தைப் பிடிக்கப் பொடி வாங்கப் போகிறீர்களாம். நல்ல காரியம். 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் செம்பு உருக்காலை மாதிரி பெரிய ஆலைகளைத்தான் தடுக்கிறது. நம் ஆசிட் தொட்டியை நாம்தான் கவனிக்க வேண்டும். மேட்டூர் திறக்காத மாதங்களில் அரசலாற்றில் சாக்கடையைக் கரைக்க வேறு தண்ணீர் ஏது?

விற்பவர், பொடி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்வார். எத்தனை முறை பிடிக்கும் என்று நீங்கள் கேளுங்கள். 1,000 லிட்டர் கழுவுநீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் செம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆற்றில் விட வரம்பு 3 மில்லிகிராம். ஆக, 17 கிராம் எடுக்க வேண்டும். ஒரு கிராம் பொடி 20 மில்லிகிராம் பிடித்தால் 850 கிராம் பொடி செலவாகும். அதை அன்றே தூக்கி எறிந்தால் நஞ்சு இடம் மாறியதோடு சரி. மலிவு என்று உமியில் பிடித்து அதைச் சூளைக்குத் தள்ளினாலும், சாம்பலோடு சேர்ந்து நம் வயலுக்கே வந்துவிடும்.

உப்புத்தண்ணீருக்கு வீட்டில் வைக்கும் சாஃப்ட்னரை உப்புக் கரைசல் விட்டுக் கழுவி மறுபடி ஓட்டுகிறோம் அல்லவா? இந்தப் பொடியைக் கழுவி மறுபடி ஓட்டுவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். இங்கே உப்புக்குப் பதில் நீர்த்த ஆசிட். பிடிபட்ட செம்பில் பெரும்பகுதி சில லிட்டர் ஆசிட்டில் இறங்கிவிடும். அதில் இரும்புத் துண்டைப் போட்டால் செம்பு அதன்மேல் படியும். லேபில் ஆணி சிவந்தது ஞாபகம் இருக்கிறதா? நிக்கல் இவ்வளவு சுலபமாக வராது. பொடியும் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் சளைக்கும். அதனால்தான் பத்தாவது கழுவலுக்குப் பிறகும் எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன்.

அப்புறம், குரோம் முலாம் போடுகிறவர்கள் அந்தத் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடியுங்கள். அதில் குரோமியம் குரோமேட்டாக, அதாவது ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்கும். செம்பு நேர்மின் அயனி, குரோமேட் எதிர்மின் அயனி. செம்புக்கு வைத்த பொடியில் நழுவிப் போய்விடும். இந்தக் குரோமியத்துக்கு வரம்போ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான்.

பட்டறைக்குப் பட்டறை ஆசிட் கழுவல் வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு பொதுவாக ஒரு கழுவல் கூடம் போடுங்கள். பொடியைக் குழாயில் அடைத்து ஓட்டினால், செம்பு நிரம்பிய குழாயைக் கொடுத்துவிட்டுக் கழுவியதை வாங்கிப் போகலாம். கூடிப் பேசும் நாளைச் சொல்லுங்கள், வருகிறேன். ஆளுக்கொரு பாட்டில் கழுவுநீர் எடுத்து வாருங்கள். ஆணி என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்