எட்டாவது இன்னிங்ஸில் வருபவரையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பேஸ்பாலின் சிறந்த ரிலீஃப் பிட்சர்கள், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்து வீசுபவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. அதற்கு என் நன்றி. ஆனால் அணியின் சிறிய முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் ‘சேவ்’ எண்ணிக்கையை மட்டும் வைத்து வீரர்களை வரிசைப்படுத்தியது பெரும் அநியாயம்.

2007-இல் கிளீவ்லேண்ட் அணியின் ஜோ பொரோவ்ஸ்கி 45 சேவ்களோடு, இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தார். அந்த ஆண்டு அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி, 5.07. அதே அணியில் பெரும்பாலும் அவருக்கு முன்னால் வந்து பந்து வீசிய ரஃபேல் பெட்டன்கோர்ட்டின் சராசரி 1.47, சேவ் மூன்றே மூன்று. உங்கள் பட்டியலின் வாசற்படியைக்கூட அவரால் மிதிக்க முடியாது.

1969 முதல் அதிகாரபூர்வக் கணக்காக இருக்கும் சேவ் விதியே இதற்கு இடம் கொடுக்கிறது. மூன்று ரன் முன்னிலை இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸைத் தொடங்க வருபவர், இரண்டு ரன்களைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை முடித்தாலும் அவருக்கு சேவ் உண்டு. எட்டாவதில் ஒரே ரன் முன்னிலையோடு எதிரணியின் பலமான மூவரை வரிசையாக வீழ்த்துபவருக்குக் கிடைப்பது ‘ஹோல்ட்’. அதற்கு அதிகாரபூர்வத் தகுதிகூட இல்லை.

அப்படியானால் ஈ.ஆர்.ஏ.வை நம்பலாமா என்றால், ரிலீஃப் பிட்சர் விஷயத்தில் அதுவும் கைவிரித்துவிடுகிறது. ரன் எடுக்க ஓடும் வழியில் உள்ள மூன்று பேஸ்களிலும் எதிரணி ஆட்கள். ஒருவரும் அவுட் இல்லை. அந்த நேரத்தில் முதல் பிட்சரை எடுத்துவிட்டு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். அவர் அடுத்து ஆட வரும் மூவரையும் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுகிறார் (ஸ்ட்ரைக் அவுட்), ரன் இல்லை. இன்னொரு நாள், அதே நெருக்கடியில் வேறொருவர். அவருடைய முதல் பந்தே அடிபட்டு இரண்டு பேர் ஓடி வந்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் மூன்று அவுட் எடுக்கிறார். அந்த இருவரையும் பேஸில் ஏறவிட்டவர் முதல் பிட்சர் என்பதால், அந்த இரண்டு ரன்களும் வெளியே போய் உட்கார்ந்திருக்கும் முதல் பிட்சரின் கணக்கில் ஏறும். அணியைக் காப்பாற்றியவர், கோட்டைவிட்டவர் இருவருக்கும் அன்றைய ஈ.ஆர்.ஏ. 0.00! பருவம் முழுவதும் அறுபது, எழுபது இன்னிங்ஸ் மட்டுமே வீசுகிறவரின் மதிப்பை இப்படிப்பட்ட நாள்கள் அடியோடு புரட்டிவிடும்.

இது காசு விஷயமும்கூட. நியூயார்க் யாங்கீஸின் டெலின் பெட்டன்சஸ் 2014 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, லீகின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானவர். ஒவ்வோர் ஆண்டும் நூறு ஸ்ட்ரைக் அவுட்டுக்கு மேல் எடுத்தவர். 2017-இல் 50 லட்சம் டாலர் சம்பளம் கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் ‘குளோசர்’ அல்ல அவர் என்று நிர்வாகம் வாதிட்டது. 30 லட்சம்தான் கிடைத்தது.

களத்தில் முடிவெடுக்கும் மூளையையும் இந்தக் கணக்கு கட்டிப்போடுகிறது. 2016-இல் பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் 47 வாய்ப்புகளில் 47 சேவ், 0.54 ஈ.ஆர்.ஏ. அக்டோபரில் டொராண்டோவில், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டம். சமநிலையில் 11-ஆவது இன்னிங்ஸ் வரை நீண்டது. முன்னிலை கிடைத்த பிறகு இறக்கலாம் என்று அவரைக் காக்க வைத்தார்கள். அந்த முன்னிலை வரவே இல்லை. எட்வின் என்கார்னேசியன் வேறொரு பிட்சரின் பந்தில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார். பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை. அதே மாதம் கிளீவ்லேண்ட், ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலேயே இறக்கி, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர்வரை போனது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்குக் கிடைத்தது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது, பேஸ்களில் ஏற்கெனவே நின்றிருந்த ஆட்களில் எத்தனை பேரை ரன் எடுக்கவிட்டார், ஆட்டம் எவ்வளவு இக்கட்டில் இருந்தபோது இறங்கினார் என்ற இரண்டையும் சேவ் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இரண்டும் எளிதாகக் கிடைக்கும் விவரங்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்