ரோந்துப் பட்டா புத்தகம் எங்கே போயிற்று?

ஆசிரியருக்கு வணக்கம்.

பூட்டிய வீடுகளில் நடக்கும் திருட்டு பற்றி உங்கள் இதழில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். வீட்டுக்கு ஒரு போலீஸா நிறுத்த முடியும், அவரவர் வீட்டை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். எந்த வீட்டில் ஆள் இல்லை என்பது திருடனுக்கு அடுத்தபடியாக எங்களுக்குத்தான் தெரியும். பட்டப்பகலில் எரியும் வாசல் விளக்கு, கேட்டில் செருகியபடி நாலு நாள் பேப்பர், கோலம் போடாத வாசல். சாவி இருக்கும் இடமும் தெரியும்: மீட்டர் பெட்டி, பழைய ஷூ, துளசி மாடத்தின் பின்பக்கம். எங்கள் வீட்டுச் சாவியும் போன மாசி வரை மீட்டர் பெட்டியில்தான் இருந்தது. மகளைப் பார்க்க மூன்று நாள் திருச்சி போய் வந்தோம். பூட்டு உடையவே இல்லை. வந்தவன் திறந்து, வேண்டியதை எடுத்து, மறுபடி பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளிக் குத்துவிளக்கும் மனைவியின் 2 பவுன் வளையலும் போயின. கவனக்குறைவைப் பற்றி எனக்கு இனி யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

புகார் கொடுக்கப் போனபோது முதல் கேள்வி, "ஊருக்குப் போறதை ஏன் சொல்லிட்டுப் போகலை?" நியாயம்தான். சொல்லியிருந்தால் யார் வந்து பார்த்திருப்பார்கள் என்று நான் கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை.

முன்பெல்லாம் எங்கள் தெரு முனை வீட்டில் பட்டா புத்தகம் என்று போலீஸ் ரோந்துக்கான பதிவுப் புத்தகம் ஒன்று தொங்கும். ராத்திரி ரோந்து வரும் காவலர் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவார். நாலு நாள் கையெழுத்தை ஒரே ராத்திரியில் போட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்காகவாவது தெருவுக்குள் வந்தாக வேண்டும். புதிதாகக் குடிவந்தது யார், எந்த வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. இப்போது ரோந்து வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. உள்ளே வருவது மாதம் 50 ரூபாய் வாங்கும் கூர்க்கா மட்டும். அவர் விசில் திருடனுக்கும் கேட்கும்.

கேமரா இருக்கிறதே என்பார்கள். ஏ.கே. விஸ்வநாதன் சென்னை ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' திட்டத்தில் தெருத்தெருவாகக் கேமரா வந்தது, நல்ல காரியம். நாங்களும் வசூல் செய்து நாலு மாட்டினோம். மழையில் இரண்டு கெட்டன. யார் காசில் சரிசெய்வது என்று வாட்ஸ்அப் குழுவில் இன்னும் பேச்சு ஓடுகிறது. மீதி இரண்டில் தொப்பி போட்ட ஒருவனின் முதுகு தெரிகிறது.

தெருப் பையன்களே ராத்திரி சுற்றலாமே என்றும் ஒரு யோசனை. போலீஸுக்குத் துணையாகப் பொதுமக்களைச் சேர்த்துக்கொள்ள 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' நல்ல எண்ணத்தில் வந்ததுதான். போலீஸ் அடித்ததில் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் சம்பவத்தில் இந்த அமைப்பினர் மீதும் புகார் எழுந்த பிறகு 2020-ல் அரசே அதைத் தடைசெய்தது. பதில் சொல்லும் பொறுப்பு இல்லாதவர் கையில் கம்பைக் கொடுத்தால், குப்பை பொறுக்க வருகிறவரும் வேலை முடிந்து திரும்பும் வடமாநிலப் பையனும்தான் முதல் அடி வாங்குவார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. வாரத்தில் இரண்டு ராத்திரி, வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு ஒரு காவலர் நடந்து வரட்டும். வந்ததைப் பதிவது கையெழுத்துப் புத்தகத்திலோ, சுவரில் ஒட்டிய க்யூஆர் குறியீட்டிலோ, எதுவானாலும் சரி. சாவியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அது இப்போது எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது.

— ஓய்வுபெற்ற தபால்காரர், சென்னைப் புறநகர்