மலாக்காவிலிருந்து கோமதிக்கு

மலாக்கா,
சனிக்கிழமை ராத்திரி

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்தைப் பெட்டியிலேயே போட்டுக் கொண்டுவந்து, மகன் வீட்டில் வைத்து இரண்டு தடவை படித்தேன். முழங்கால் ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று நீ பிடிக்கிற பிடிவாதத்துக்கு ஊருக்கு வந்ததும் நேரில் சண்டை இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம். நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து உன் காலைப் பற்றி எழுதினால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும்.

தனியாகவா போகிறாய் என்று கேட்டிருந்தாயே, ஆமாம், தனியாகத்தான் வந்தேன். "அடுத்த வாரம் லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேம்மா" என்றான் மகன். போன வருஷம் வந்தபோதும் இதே அடுத்த வாரம்தான். கோலாலம்பூரில் காலையில் பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரத்தில் மலாக்கா. அங்கேயிருந்து 17ஆம் நம்பர் டவுன் பஸ் டச்சு சதுக்கத்தில் இறக்கிவிட்டது. அதற்கப்புறம் இந்த அறைக்கு வந்து விழும்வரை எல்லாம் நடைதான்.

சதுக்கமே செக்கச்செவேல் என்று இருக்கிறது. நடுவில் 1753இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம். முதலில் வெள்ளையாகத்தான் இருந்ததாம். 1911இல்தான் இந்தச் சிவப்பு. வெளியே பிளாஸ்டிக் பூவும் பொம்மையும் அப்பின சைக்கிள் ரிக்‌ஷாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு பாட்டு. தப்பித்து உள்ளே போனேன். மேலே உத்தரங்கள், ஒவ்வொன்றும் 48 அடி, ஒட்டே இல்லாத ஒரே மரம். எங்கப்பா மரக்கடை உனக்குத் தெரியுமே, அந்த வாசனையில் வளர்ந்தவளுக்கு அதை விட்டுவரக் கால் எழவில்லை. கழுத்து வலிக்கிறவரை அண்ணாந்து பார்த்தேன். கூட யாராவது இருந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் "போலாமா" என்றிருப்பார்கள்.

பின்னால் ஒரு குன்று. உச்சியில் கூரை இல்லாத தேவாலயம், போர்த்துகீசியர் 1521இல் கட்டியது. சுவரோரம் ஆள் உயரத்துக்குக் கல்லறைக் கற்களைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். தரையில் கம்பி வலை போட்டு மூடின ஒரு குழி, உள்ளே சில்லறைக் காசு. யார் குழி தெரியுமா? நம்ம பிரான்சிஸ் சவேரியார்! நம்ம கடற்கரையில் மணப்பாட்டுக் குகையில் இருந்தாரே, அந்தப் பாதிரியாரேதான். 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்துபோனவரை இங்கே கொண்டுவந்து சில மாசம் புதைத்து வைத்திருந்து, பிறகுதான் கோவாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நம் கடற்கரை மனுஷர் இங்கேயும் வந்து படுத்திருந்திருக்கிறார் என்றதும் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

வெளியே அவர் சிலைக்கு வலது கை இல்லை. 1952இல் சிலை வைத்த மறுநாளே சவுக்கு மரம் விழுந்து முறிந்துபோனதாம். 1614இல் அவர் உடம்பிலிருந்தே வலது கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள் இல்லையா, அதோடு இதைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டே படியிறங்கினேன், என் செருப்பு வார் அறுந்தது! ஸ்கூலில் மணப்பாட்டுக்குப் போனபோது அலை என் செருப்பைக் கொண்டுபோய், நீயும் நானும் ஆளுக்கு ஒற்றைச் செருப்போடு மாற்றி மாற்றி நொண்டினது ஞாபகம் இருக்கா? அவருக்கும் என் செருப்புக்கும் ஏதோ தீராத கணக்கு. தாலிச்சரட்டில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குத்திக்கொண்டு நடந்தேன்.

அடிவாரத்தில் கோட்டை வாசல் ஒன்று மட்டும் நிற்கிறது. மீதிக் கோட்டையை இங்கிலீஷ்காரன் 1807இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டான். ஒரு காலத்தில் அலை வந்து மோதின இடம் இது. கடலைத் தேடினால் கடல் இல்லை. தூர்த்து மேடாக்கிய நிலத்தில் ஷாப்பிங் மால் நிற்கிறது.

ஆற்றைத் தாண்டினால் துக்காங் எமாஸ் தெரு, 'பொற்கொல்லர்' என்று அர்த்தம். அதில் பொய்யாத விநாயகர் கோயில். ஏட்டி, பேரைப் பார்த்தியா! 1781இல் தெய்வநாயகம் செட்டி கட்டியது, நிலம் டச்சுக்காரர் கொடுத்தது. நான் போனபோது நடை சாத்தியிருந்தது. அதே வரிசையில் இருக்கிற பள்ளிவாசலையும் சீனக் கோயிலையும் பார்த்தேன். பள்ளிவாசலின் மினாரா சீன பகோடா மாதிரி இருக்கிறது. கூரை சுமத்ரா மோஸ்தர், உள்ளே ஐரோப்பியத் தூண். கட்டினவர்கள் நம் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள். பிடித்ததையெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது விநாயகர் கோயிலில் என்னைத் தவிர ஒரே ஒரு அம்மாள். கபாயா சட்டை, கைலி, நெற்றியில் திருநீறு. "நல்லாயிருக்கீங்களா" என்றேன். சிரித்துத் தலையாட்டிவிட்டு மலாயில் பதில் சொன்னார். தமிழ் தெரியாது. அவர் மலாக்கா செட்டி. ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்த நம் ஆட்கள் இங்கேயே மலாய், ஜாவா, சீனப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிப்போனார்கள், அவர்கள் வம்சம். பாஷை போய்விட்டது, சாமி போகவில்லை. அவர் உடைந்த ஆங்கிலத்திலும் நான் அதைவிட உடைந்ததிலும் பேசினோம். காஜா பெராங்கில் அவர்கள் குடியிருப்பில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தத் திருவிழாவுக்கு 'டத்தோ சாச்சார்' என்று பேர். சாச்சார் என்றால் மலாயில் அம்மை. பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதைப் 'பார்ச்சு' என்கிறார்கள். நம்ம 'படைச்சு'தான் அப்படித் தேய்ந்ததோ என்னவோ, எனக்கு அப்படித்தான் கேட்டது.

அர்ச்சகர் மந்திரம் சொன்னார். அந்த அம்மாளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அதில் நாங்கள் இரண்டு பேரும் சமம்.

தனியாகச் சுற்றினால் பயமில்லையா என்று கேட்டிருந்தாய். பயம் இல்லை. சாப்பிடுகிற நேரம்தான் கொஞ்சம் சங்கடம், எதிர் நாற்காலியில் என் பையை உட்கார வைத்துக்கொண்டேன். மற்றபடி, அந்த அம்மாள் என்னோடு பேசினதே நான் ஒற்றை ஆளாக நின்றதால்தான். நீ கூட இருந்தால் நாம் ரெண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருப்போம், அவர் பேசாமல் போயிருப்பார். கோபித்துக்கொள்ளாதே.

ஜோங்கர் தெருவில் ராத்திரிச் சந்தை. ஜன்னலைச் சாத்தினாலும் பாட்டு உள்ளே வருகிறது. நாளைக்குப் பஸ்ஸுக்கு முன்னால் எனக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கணும். இங்கே பெரனாக்கான் பெண்கள், அதாவது இங்கேயே தங்கி மலாய்க்காரர்களோடு கலந்துபோன சீனர் வம்சத்துப் பெண்கள், போடுகிற, பாசிமணி கோத்துப் பூவேலை செய்த செருப்பு விற்கிறார்கள். கடுகு மாதிரி மணி, ஒவ்வொன்றாக ஊசியில் கோத்தது. உனக்கு ஒரு ஜோடி எடுக்கப்போகிறேன், விலையைக் கேட்காதே. இப்பவும் ஆறாம் நம்பர்தானே? கொஞ்சம் குதிகால் உயரம் இருக்கிறது. அதைப் போட்டு நடக்கணும் என்றால் டாக்டர் சொன்ன தேதிக்குப் போய்ப் படுத்துத்தான் ஆகணும், பார்த்துக்கோ.

உன்,
சாந்தா