304 பார்ட் டூவும் உங்க ஊர் அட்டவணையும்

கண்ணு,

போனில் பாதியில் விட்ட சண்டையை இதில் முடிக்கிறேன். "இங்கே இங்கிலாந்துல கொடுங்குற்றத்துக்கெல்லாம் தண்டனை அட்டவணை இருக்குப்பா, நம்ம ஊர்லதான் ஜட்ஜ் மனசுபோலத் தண்டனை" என்றாய். ஊட்டி கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனிடம் இதைச் சொன்னால் கோபம் வராதா? ஆனால் நீ சொன்னதில் பாதி நிஜம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.பி.கோ.) 304 பார்ட் டூவை எடுத்துக்கொள், கொல்லும் எண்ணம் இல்லாமல், சாகக்கூடும் என்று தெரிந்தே செய்த காரியத்தில் ஆள் இறந்தால் வரும் பிரிவு. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் குடித்துவிட்டுத் தகராறு, ஒருவன் அடிக்க இன்னொருவன் கல்படியில் மண்டை மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று வை. பத்து வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சட்டம் சொன்னது அவ்வளவுதான், நடுவில் எங்கே நிற்பது என்று ஒரு வரி கிடையாது. குற்றவாளி என்று முடிவானதும், தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "வயசான அம்மா இருக்காங்க சாமி, பார்த்துப் பண்ணுங்க" என்பான். அது ஒற்றை வரியாகப் பதிவாகும். பல நாள் அன்று சாயங்காலத்துக்குள்ளேயே எஸ்கார்ட் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விடும்.

உங்கள் ஊரில் இதற்குச் சமமான குற்றத்துக்கு 2018 நவம்பரில் வந்த வழிகாட்டியைப் படித்துப் பார்த்தேன். ஆள் போனபிறகு பாதிப்பை அளக்க என்ன இருக்கிறது, அதனால் குற்றவாளியின் பொறுப்பை மட்டும் நாலு படியாகப் பிரித்து, 18, 12, 6, 2 வருஷம் என்று ஆரம்பப் புள்ளி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஏற்றலாம், இறக்கலாம். ஆரம்பத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். நியாயத்துக்கு ஒவ்வாது என்றால் நீதிபதி வழிகாட்டியை விட்டும் விலகலாம்.

எனக்குப் பிடித்தது அந்த எண்களைவிட அவற்றை உண்டாக்கும் விதம். இந்த வழிகாட்டிகளை எழுத 2010-இல் அமைத்த தண்டனைக் கவுன்சிலில் 14 பேர், 8 பேர் நீதித்துறை. வரைவை வெளியிட்டு வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்ல விடுகிறார்கள், நீதிபதிகளிடம் கற்பனை வழக்குகளைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், ஜெயிலில் எத்தனை இடம் கூடுதலாக வேண்டும் என்றுகூடக் கணக்குப் பார்க்கிறார்கள். அமலான பிறகும் என்ன தண்டனை விழுகிறது என்று பார்த்துத் திருத்துவார்கள். ரொம்பப் பெருமைப்படாதே, அங்கேயும் அரசியல் உண்டு. தண்டனைக்கு முந்தைய அறிக்கை, அதாவது குற்றவாளியின் பின்னணியை விசாரித்து எழுதும் அறிக்கை, யார் யாருக்கு வாங்கவேண்டும் என்ற திருத்தம் 2025 ஏப்ரல் 1-இல் வரவேண்டியது, முதல்நாள் கவுன்சில் அதை நிறுத்திவைத்தது, பிறகு பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது.

நம்ம பக்கம் இப்படித் தண்டனைக்கு வழிகாட்டி வேண்டும் என்று 2003-இல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மாலிமத் கமிட்டி கேட்டது, அப்புறம் மாதவ மேனன் கமிட்டி. மரண தண்டனைக்கு மட்டும் 1980-இலிருந்து 'அரிதிலும் அரிது' என்ற அளவுகோல் இருக்கிறது. 2024 மே மாதம் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே தண்டனைக் கொள்கை பற்றி மத்திய அரசை யோசிக்கச் சொன்னது. அதே வருஷம் ஜூலையில் இ.பி.கோ.வுக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது, பிரிவு நம்பர்கள் மாறின, வழிகாட்டி வரவில்லை.

ஆனாலும் அட்டவணை மட்டும் இறக்குமதி ஆவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லைன் வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன் என்று நன்னடத்தை அலுவலர் போய் விசாரித்து எழுதிய ஒரு காகிதம் ஃபைலில் இல்லாமல், எந்தப் படியில் அவனை நிறுத்துவது? முதலில் அந்தக் காகிதம், அந்த விசாரணைக்கு நாலு நாள் அவகாசம். நீ பார்க்கப் போகும் கிரவுன் கோர்ட்டில் (பெரிய குற்றங்களை விசாரிக்கும் உங்க ஊர் கோர்ட்) அந்த அறிக்கைக்கு எத்தனை நாள் தருகிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்று விசாரித்து எழுது. வாட்ஸ்அப்பில் வேண்டாம், விவரமாக.

அப்பா
கோத்தகிரி